எலும்பினுள் ஒரு குடியேற்றம்

1846-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள பாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கு வாழ்ந்த எண்ணாயிரத்திற்குச் சற்றுக் குறைந்த மக்களில் ஏறத்தாழ 6,000 பேரை அந்நோய் பற்றிக்கொண்டது. டென்மார்க் அரசு அனுப்பிய பானும் என்னும் இளம் மருத்துவர் அங்கே ஒரு வியப்பைக் கண்டார். 1781-இல் தட்டம்மை கண்டு பிழைத்த முதியோர் ஒருவரையும் நோய் மீண்டும் தீண்டவில்லை. இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்நோய் அத்தீவுகளை எட்டிப் பார்த்ததும் இல்லை!

உடல் இதனை எவ்வாறு மறவாதிருந்தது? நோயை எதிர்க்கும் புரதங்கள் இரத்தத்தில் மூன்று வாரங்களுக்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே யாரோ அவற்றை ஓயாது ஆக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். ஆக்குவன பிளாஸ்மா அணுக்களே என்பதை 1948-இல் சுவீடன் நாட்டு ஆஸ்ட்ரிட் பாக்ரேயஸ் அம்மையார் எடுத்துக் காட்டினார். ஆயினும் அவை சில நாட்களே வாழ்வன என்று அறிஞர் நெடுங்காலம் எண்ணினர். சுண்டெலிகளில் நடத்தப்பெற்று 1997-இலும் 1998-இலும் வெளிவந்த ஆய்வுகள் அவ்வெண்ணத்தை மாற்றின. அவ்வணுக்களில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் நெடுநாள் வாழ்வது தெளிவாயிற்று.

இவ்வணுக்கள் பிறப்பது நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் ஆகும். அவற்றுள் சில இரத்தத்தின் வழியே பயணம் செய்து மஜ்ஜையை அடைகின்றன. அங்குள்ள தாங்கு அணுக்கள் சுரக்கும் ஒரு பொருளே அவற்றை அழைத்து நிறுத்துகிறது. அண்டை அணுக்கள் அளிக்கும் வேறு சில புரதங்கள், தம்மைத் தாமே அழித்துக்கொள்ளாதவாறு அவற்றைக் காக்கின்றன. இத்துணையின்றிக் கண்ணாடிக் கலத்தில் தனித்து வைத்தால், அவை சில நாட்களிலேயே மடிகின்றன. நெடுவாழ்வு அவற்றின் வலிமையால் மட்டும் வருவதன்று. அயலாரின் ஆதரவாலும் வருவது. பிறந்த ஊரை விட்டு வந்து வேரூன்றிய நமக்கு இது புதிய செய்தியன்று.

கொரோனா நோய் இலேசாகக் கண்டு தேறியவர்களின் மஜ்ஜையை ஆராய்ந்தோர், ஏழு மாதங்களுக்குப் பின்னரும் பெரும்பாலோரிடம் அந்நோய்க்கென அமைந்த அணுக்கள் இருப்பதை 2021-இல் அறிவித்தனர்.

ஆனால் எல்லாக் காப்பும் ஒரே அளவில் நிலைப்பதில்லை. தட்டம்மைக் காப்பு பெரும்பாலும் ஆயுள் முழுதும் நிற்கும். இசிவு நோய்க் காப்போ ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும். அதனாலேயே நம் நாட்டில் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் மீண்டும் அந்த ஊசி போடப்படுகிறது. மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் இத்தவணைகள் தவறிப்போதல் எளிது. ஆதலின், மூட்டை கட்டும்போது பாத்திரம் பண்டங்களுக்கு முன்னே குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து வையுங்கள்.