‘புவர்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: தமிழ் மாணவர் நோக்கில் ஒரு குறிப்பு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் நம் மாணவருக்குத் தொடக்க வகுப்புகளிலேயே அறிமுகமாகும் பெயரடைகளுள் ‘புவர்’ என்பதும் ஒன்று. ‘ஏழை’ என்று பொருள் எழுதிக்கொண்டு அவர்கள் அப்பாற் சென்றுவிடுகின்றனர். இடர்ப்பாடு அங்கேயே தொடங்குகிறது. உடுப்பிட்டியில் ஒரு மாணவனின் தேர்ச்சி அறிக்கையிலே கணிதத்துக்கு நேரே ‘புவர்’ என்று எழுதப்படுமாயின், அகராதிப் பொருளை மட்டும் அறிந்த தந்தை அதனைத் தம் வீட்டு நிலை பற்றிய குறிப்பாகவே கொள்ளக்கூடும். அவ்வாறு கொள்வது பிழையே. ஆயினும் அப்பிழைக்குச் சொல்லின் வரலாற்றிலேயே இடமுண்டு என்பதை நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

இன்றைய வழக்கில் இச்சொல் பொருளின்மை, தரக்குறைவு, இரக்கம் ஆகிய மூன்றையும் சுட்டும். ‘புவர் ஃபமிலி’ வறிய குடும்பம். ‘புவர் சொயில்’ வளங்குன்றிய மண். ‘புவர் லைற்’ மங்கிய வெளிச்சம். ‘புவர் மெமரி’ ஞாபகக் குறைவு. செல்வர் மகள் ஒருத்தி நோயுற்றாலும் அவளைப் ‘புவர் கேர்ள்’ என்பர். நம் பேச்சு வழக்கில் அது ‘பாவம், அந்தப் பிள்ளை’. தமிழில் இம்மூன்றையும் வெவ்வேறு சொற்களாற் கூறுகிறோம். சீன மொழியிலும் அவ்வாறே. எனவே ஆங்கிலம் கற்கும் சீனரும் நாமும் ஒரே இடத்தில் இடறுவது வியப்பன்று.

சொல் நிற்கும் இடமும் பொருளை வரையறுக்கும். இரக்கப் பொருள் பெயருக்கு முன் நிற்கும்போதே தோன்றும். ‘ஷி இஸ் புவர்’ எனப் பயனிலையாக்கினால் அவள் வறியவள் என்பதன்றி வேறில்லை. மேலும், ‘ஏழை’ தமிழில் பெயர்ச்சொல்; ‘ஓர் ஏழை’, ‘ஏழைகள்’ என்று தனித்து வரும். அப்பழக்கத்தால் மாணவர் ‘எ புவர்’, ‘புவர்ஸ்’ என்று எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் ‘த புவர்’ என்பது மட்டுமே வறியோர் என்னும் தொகுதியைக் குறித்துப் பன்மை வினையோடு முடியும். ஒருவரைக் குறிக்க ஒரு பெயர்ச்சொல் உடன்வர வேண்டும்.

இவை இலக்கண நூல்கள் கூறுவன. வறுமையும் தரக்குறைவும் ஒரு சொல்லுக்குள் ஏன் குடியிருக்கின்றன என்பதை அவை வினவுவதில்லை. இச்சொல் பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது; அதன் மூலத்துக்குச் ‘சிறிதே விளைவிப்பது’ என்று பொருள் கூறுவர். நிலத்தின் குறையும் மனிதனின் இல்லாமையும் தொடக்கத்திலேயே அருகருகே நின்றன. இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டு வறியோர் சட்டமும், அதனினும் கடுமையான 1834ஆம் ஆண்டுச் சட்டமும் வறுமையை ஆட்சியின் விவகாரமாக்கின. உதவிக்குத் தகுதியுடைய வறியர், தகுதியற்ற வறியர் என்னும் பாகுபாடு அவ்வுலகத்தில் வேரூன்றியது. இல்லாதவனின் இல்லாமை அவனது குணக்குறையாகக் கணிக்கப்பட்டது. 1834இன் சட்டம் நிலைநிறுத்திய தொழிலில்லங்களை எங்கெல்சு 1845இல் வெளியான தமது நூலிற் கடுமையாகச் சாடினார்.

ஆங்கிலத்தைக் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. திருக்குறளின் ‘நல்குரவு’ அதிகாரத்தில் இன்மை, நல்குரவு, நிரப்பு என்னும் சொற்கள் வருகின்றன, ‘ஏழை’ வரவில்லை. அது ‘பகைத்திறம் தெரிதல்’ அதிகாரத்தில் வருகிறது. அங்கு அதன் பொருள் அறிவிலி. பெண்ணையும் அச்சொல் குறித்தது. சைவத் திருமுறைகளின் ‘ஏழைபங்காளன்’ உமையை ஒரு பாகத்திற் கொண்டவன்; இன்று தேர்தல் மேடைகளில் ஏழைபங்காளர் எனப்படுவோர் வேறு. அறிவிலியையும் பெண்ணையும் குறித்த சொல்லே பின்னர் பொருளற்றவனுக்கும் பெயராயிற்று. அறிவு, சொத்து, ஆண்மை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் வைத்தெண்ணிய சமூகத்தின் மதிப்பீடு இதிற் புலனாகிறது. ஒவ்வொரு சொற்பொருள் மாற்றத்துக்கும் நேரே ஒரு வர்க்கக் காரணம் தேடுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். எனினும் இவ்விரு மொழிகளும் வெவ்வேறு வழியிற் சென்று ஒரே இடத்தை அடைந்தமை தற்செயலன்று.

யாழ்ப்பாணத்திலே இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் உடுப்பிட்டி உட்படப் பல ஊர்களிற் பாடசாலைகள் நிறுவினர். ஆங்கிலக் கல்வி, பெரும்பாலும் கட்டணம் செலுத்த இயன்றவர்க்கே எட்டியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வழங்குவதைக்கூட 1930ஆம் ஆண்டளவில் உயர்சாதியினர் வன்மையாக எதிர்த்தனர். இலவசக் கல்வி 1945இலேயே வந்தது. அதுவரை ‘புவர் ஸ்ரூடன்ற்’ என்னும் தொடரின் இரு பொருள்களும் பெரும்பாலும் ஒரே பிள்ளையின் மீதே விழுந்தன. ரியூசன் கட்டணம் பெறுபேற்றைத் தீர்மானிக்கும் இன்றைய நிலையில் அவை முற்றாகப் பிரிந்துவிட்டன என்று கூறவும் இயலாது.

ஆசிரியர்கள் இச்சொல்லைத் தனியே கற்பிக்காது மண், வெளிச்சம், குடும்பம், பிள்ளை என அது தழுவும் பெயர்களோடு சேர்த்துக் கற்பித்தல் நன்று. தேர்ச்சி அறிக்கையிலோ இச்சொல்லுக்குத் தேவையே இல்லை. பின்னங்களைக் கூட்டுவதில் தடுமாறுகிறானா, வசனக் கணக்கை விளங்கிக்கொள்ளவில்லையா என்பதைத் தமிழில் ஒரு வரியில் எழுதினால் தந்தைக்கும் விளங்கும். அடுத்த தவணையில் எதைத் திருத்த வேண்டும் என்பது மாணவனுக்கும் தெரியும்.