பூனையா, தூசியா? பிள்ளையின் தும்மலுக்குப் பரிசோதனை அவசியமா?

தாமிரபரணிப் பாசனத்து ஊர்களில் பூனையை யாரும் விலை கொடுத்து வாங்கி வளர்ப்பதில்லை. தானாக வரும், தானாகத் தங்கும். காரும் பிசானமுமாக இரண்டு போகம் கண்ட வீடுகளில் நெல் மூட்டை இருக்கும். நெல் இருந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வேண்டும். இப்போது அறுவடை இயந்திரம் வந்து, நெல்லைக் களத்திலிருந்து நேரே வியாபாரி ஏற்றிக்கொண்டு போனாலும் பூனை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை! பிள்ளைகளின் மடியிலும் பாயிலும் இடம் பிடித்துக்கொண்டது.

அதனால்தான் பிள்ளை விடாமல் தும்ம ஆரம்பித்ததும் முதல் பழி பூனை மேல் விழுகிறது. "அதைச் சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வாங்க" என்பார் ஒருவர். "நாங்கள்ளாம் பூனையோடதான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆயிட்டு?" என்பார் இன்னொருவர். "எதுக்கு வம்பு, அலர்ஜி டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்களேன்" என்பார் மூன்றாமவர்.

எங்கள் இளைய மகளுக்கு எட்டு வயதானபோது இந்த மூன்று யோசனைகளும் எங்களுக்கும் கிடைத்தன. நான் டாக்டர் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்ற குடும்பத் தலைவி. ஆனால் அந்த ஆறு மாதத்தில் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது மற்ற தாய்மார்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஜலதோஷமா, ஒவ்வாமையா?

முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜலதோஷம் என்றால் காய்ச்சல், உடம்பு வலி இருக்கலாம். ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். ஒவ்வாமை அப்படிப் போகாது. காய்ச்சல் இருக்காது. மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகும். மூக்கும் கண்ணும் அரிக்கும். பிள்ளை உள்ளங்கையால் மூக்கை மேல் நோக்கித் தேய்த்துக்கொண்டே இருக்கும். அடுக்கடுக்காகத் தும்மும். வாரக்கணக்கில் நீடிக்கும், அல்லது விட்டு விட்டு வரும்.

நம் உடம்பு, தனக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போவதுதான் ஒவ்வாமை. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. இந்தச் சண்டைக்குக் காரணமான ஐஜிஇ என்ற பொருளை 1960-களில் கண்டுபிடித்தவர்களில் ஒரு ஜப்பானியத் தம்பதியும் உண்டு. கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா என்ற அந்தக் கணவன் மனைவி இருவரும் அமெரிக்காவில் ஒன்றாக ஆராய்ச்சி செய்தார்கள். இன்று நம் பிள்ளைகளுக்குச் செய்யும் ஒவ்வாமைச் சோதனைகள் இந்த ஐஜிஇ-யைத் தேடுபவைதான்.

குற்றவாளி முடி அல்ல!

பூனை முடிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பூனையின் எச்சிலிலும், தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளிலும் உள்ள ஒரு புரதம்தான் பெரும்பாலும் காரணம். ஃபெல் டி 1 என்று அதற்குப் பெயர். பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொள்கிறது அல்லவா? அந்த எச்சில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பறக்கிறது. ரொம்ப லேசான பொடி என்பதால் வெகு நேரம் காற்றிலேயே மிதக்கும். துணியில் ஒட்டிக்கொண்டு பூனை இல்லாத வீட்டுக்கும், பள்ளிக்கூட வகுப்பறைக்கும்கூடப் போய்விடும்.

முடி குறைவான பூனை, வெள்ளைப் பூனை, நாட்டுப் பூனை என்று எதுவும் இதற்கு விலக்கு இல்லை. அளவு கூடலாம், குறையலாம். அறவே இல்லாத பூனை கிடையாது. பூனையைக் குளிப்பாட்டினால் சில நாளைக்குக் குறையும்; பிறகு பழையபடி வந்துவிடும். இன்னொன்றும் முக்கியம். பூனையை வெளியேற்றினாலும் அந்தப் பொடி மெத்தையிலும் துணிகளிலும் நான்கு, ஐந்து மாதங்கள்கூடத் தங்கியிருக்கும். "பூனையை விரட்டி ஒரு வாரமாச்சு, தும்மல் நிக்கலையே, அப்ப பூனை இல்லை" என்று தீர்மானிப்பது அதனால்தான் தவறு.

ஒரு நாற்பது பக்க நோட்டு

எங்கள் வீட்டில் பூனை என் மாமியாருடையது. பிள்ளைகளுக்கு ஆச்சி, எனக்கு அத்தை. மாமா காலமான பிறகு அத்தைக்கு அதுதான் பேச்சுத் துணை. இவர்கள் ஒரு நாள் கோபத்தில் சாக்கை எடுத்துவிட்டார்கள். அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை. "பூனைய விரட்டிட்டு, அப்புறமும் பிள்ளை தும்முனா யார விரட்டுவ?" என்று மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இவர்கள் சாக்கைக் கீழே போட்டுவிட்டார்கள்.

நாங்கள் காட்டிய குழந்தை டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். "டெஸ்ட் இருக்கட்டும்மா, முதல்ல மூணு வாரம் எழுதிக்கிட்டு வாங்க" என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் நாலு விஷயம் எழுதினேன். தும்மல் எந்த நேரத்தில் வந்தது? அதற்கு முன் எங்கே இருந்தாள், எதில் படுத்தாள்? பூனை பக்கத்தில் இருந்ததா? அன்றைக்கு வீடு ஒட்டடை அடித்தோமா, காற்று அடித்ததா, வைக்கோல் வந்து இறங்கியதா?

எழுதப் போன பிறகுதான் சில விஷயம் தெரிந்தது. காலையில் எழுந்த உடனேதான் தும்மல் அதிகம். பாளையங்கோட்டையில் என் தங்கை வீட்டில் பூனையே கிடையாது. ஆனால் அங்கே பழைய இலவம்பஞ்சு மெத்தையில் படுத்த இரண்டு நாளும் மகளுக்கு மூக்கடைப்பு. அதே சமயம், பூனையை முகத்தோடு அணைத்தால் பத்து நிமிஷத்தில் கண் சிவந்து அரித்தது. ஆக, தூசியா பூனையா என்பது நோட்டில் முழுதாகத் தெளிவாகவில்லை. "இப்ப டெஸ்ட் எடுக்கலாம், ஏன்னா இப்ப நம்ம கையில ஒரு கேள்வி இருக்கு" என்றார் டாக்டர்.

என்ன சோதனை, எப்படி?

இரண்டு வகை உண்டு. ஒன்று தோல் சோதனை. முன்கையிலோ முதுகிலோ, சந்தேகப்படும் பொருள்களின் சாறு ஒவ்வொரு சொட்டு வைத்து, அதன் மேல் சிறு முனையால் லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. முள் குத்தின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பதினைந்து, இருபது நிமிஷத்தில் ஒத்துக்கொள்ளாத பொருள் வைத்த இடம் கொசு கடித்த மாதிரி தடிக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, கட்டாயம் தடிக்க வேண்டிய ஒரு சொட்டும், தடிக்கவே கூடாத ஒரு சொட்டும் வைப்பார்கள். தடிக்கக் கூடாத சொட்டைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிதாகத் தடித்தால் 'ஆம்' என்று கணக்கு.

இதற்கு முன்னால் செட்டிரிசின் மாதிரி அலர்ஜி மருந்துகளைச் சுமார் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் தடிப்பு வராமல் ஏமாற்றிவிடும். எந்த மருந்தை நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. பிள்ளைக்கு இளைப்பு இருக்கும் சமயத்தில் இந்தச் சோதனை செய்ய மாட்டார்கள். அபூர்வமாக உடம்பு முழுக்க எதிர்ப்பு வரலாம் என்பதால், அவசர மருந்தோடு டாக்டர் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும்.

மற்றது ரத்தச் சோதனை. குறிப்பிட்ட பொருளுக்கு எதிரான ஐஜிஇ ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது. மருந்தை நிறுத்த வேண்டாம். தோலில் கரப்பான், படை அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு இது சௌகரியம். முடிவு வரச் சில நாள் ஆகும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'மொத்த ஐஜிஇ' என்ற ஒரே எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. வயிற்றில் பூச்சி இருந்தால்கூட அது கூடும்!

இருநூறு பொருள் வேண்டாம்

எங்கள் மதினி ஒருவர், டாக்டர் சொல்லாமலே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பையனுக்கு இருநூறு பொருளுக்கு ஒட்டுமொத்தமாகச் சோதனை எடுத்தார்கள். முட்டை, பால், கத்திரிக்காய், கடலை என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. இரண்டு மாதம் பையனுக்கு ரசம் சாதம்தான். கன்னம் ஒட்டிப் போய்விட்டது. கடைசியில் டாக்டரிடம் காட்டியபோது அவர், "இதையெல்லாம் முன்னாடி சாப்பிட்டப்ப பிள்ளைக்கு ஏதாவது வந்துதா?" என்று கேட்டார். ஒன்றும் வந்ததில்லை. அவர் சொல்படி ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். இப்போது பையன் எல்லாம் சாப்பிடுகிறான்.

சோதனையில் 'ஆம்' என்று வந்தால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதனால்தான் உபத்திரவம் என்று அர்த்தம் இல்லை. வீட்டில் நாம் பார்த்ததும் சோதனை சொல்வதும் ஒத்துப்போனால்தான் அது நோய். இது டாக்டர்கள் எல்லோரும் அழுத்திச் சொல்லும் விஷயம்.

எப்போது அவசியம், எப்போது வேண்டாம்?

சோதனைக்குப் போகலாம் என்பதற்கு நான் தெரிந்துகொண்ட காரணங்கள் இவை. பிள்ளைக்கு இளைப்பு அடிக்கடி வருகிறது. டாக்டர் கொடுத்த மருந்தை ஒழுங்காகப் போட்டும் அடங்கவில்லை. பூனையை வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். அல்லது ஒவ்வாமைக்கு மூன்று முதல் ஐந்து வருஷம் கொடுக்கும் இம்யூனோதெரபி சிகிச்சையை டாக்டர் யோசிக்கிறார்.

பூனையைத் தொட்டால் மட்டும் தும்மல், தொடாவிட்டால் பிள்ளை சுகம் என்றால் சோதனையே சொல்லாமல் விஷயம் விளங்கிவிட்டது, செலவு மிச்சம். இரண்டு நாள் ஜலதோஷத்துக்கும் வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் வீட்டில் எதையும் மாற்றப் போவதில்லை என்றாலும் வேண்டாம்.

எங்கே போவது என்று தவிக்க வேண்டியதில்லை. முதலில் குழந்தை டாக்டர், அல்லது காது மூக்கு தொண்டை டாக்டர். நம் பக்கத்துக்காரர்களுக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில், 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் பெரியாஸ்பத்திரியில் இந்த இரண்டு பிரிவும் உண்டு. சோதனை தேவையா, எங்கே எடுப்பது என்று அவர்கள் சொல்வார்கள்.

முடிவு வந்த பிறகு

எங்கள் மகளுக்குத் தூசி உண்ணிக்கு 7 மில்லிமீட்டர், பூனைக்கு 4 என்று வந்தது. டஸ்ட் மைட் என்கிற இந்த உண்ணி கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று மெத்தை, தலையணையில் வாழ்வது. ஈரம் இருந்தால் பெருகுவது. எனவே முதலில் படுக்கையைக் கவனித்தோம். பழைய தலையணையை மாற்றினோம். உறை, போர்வைகளை வாரம் ஒரு முறை கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் (60 டிகிரி இருந்தால் உண்ணி சாகும்) நனைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டோம். மெத்தைக்குப் பதில் பத்தமடைக் கோரைப்பாய். உதறலாம், துடைக்கலாம், வெயிலில் போடலாம். துடைப்பத்தால் பெருக்கும்போது மகளை வெளியே அனுப்பிவிட்டு, பிறகு ஈரத்துணியால் தரையைத் துடைத்தேன். டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்பிரேயைத் தவறாமல் அடித்தோம்.

பூனைக்கும் சட்டம் போட்டோம். படுக்கையறைக்குள் வரக்கூடாது, அதன் இடம் பின்கட்டுத் திண்ணை. தொட்டால் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முகத்தோடு அணைக்கக்கூடாது. இரண்டு மாதத்தில் காலைத் தும்மல் பாதிக்கு மேல் குறைந்தது. அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதக் காற்றில் இன்னும் மூக்கு ஒழுகத்தான் செய்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் முடங்குவதில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. பக்கத்துத் தெருப் பையனுக்கு ஆஸ்துமா. நோட்டும் பூனையைத்தான் காட்டியது, சோதனையும் பூனையைத்தான் காட்டியது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா பூனையைத் தெருவில் விடாமல், களக்காட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கொண்டு சேர்த்தார்கள். பையனிடமும் மறைக்கவில்லை. "உன் நெஞ்சுக்கு ஆகலைப்பா, அது அங்கே சுகமா இருக்கும்" என்று கூட்டிப் போய்க் காட்டிவிட்டே வந்தார்கள். மூச்சு நன்றாகச் சீர்ப்பட ஐந்து மாதம் ஆனது. பொறுமையாக இருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளைக்கு மூச்சு விடும்போது விலா உள்வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உதடும் முகமும் திடீரென்று வீங்கினாலோ, நோட்டும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். அந்த நிமிஷமே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காரணம் பூனையா, தூசியா என்பதைப் பிள்ளை தேறிய பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.