நிலநடுக்கம் வந்தா மண்ணே குழம்பாகுமா? எண்ணூர் ஏன் கவனிக்கணும்?

நல்ல சிமென்ட், தரமான கம்பி, உறுதியான தூண்... எல்லாம் சரியாக இருந்தும் நிலநடுக்கத்தில் ஒரு கட்டடம் அப்படியே சாய்ந்துவிடலாம். 1964-ல் ஜப்பானின் நீகாட்டா நகரில் அதுதான் நடந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரிதாக உடையாமலேயே சரிந்தன. காரணம், கீழே இருந்த மண். இதற்குப் பெயர் 'மண் திரவமாதல்'.

என்ன நடக்கிறது?

கடற்கரை ஈர மணலில் ஒரே இடத்தில் காலால் தட்டிக்கொண்டே இருங்கள். தண்ணீர் மேலே வரும், மணல் இளகும், கால் உள்ளே இறங்கும். நிலத்தடியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் மண் எடையைச் சுமக்கிறது. நிலம் குலுங்கும்போது தளர்வான மணல் நெருங்கி அமரப் பார்க்கும். ஆனால், இடையில் இருக்கும் தண்ணீர் சில நொடிகளில் வெளியேற முடியாது. நீர் அழுத்தம் ஏறி, துகள்களின் பிடி விட்டுப்போகும்.

எது மூழ்கும், எது மிதக்கும்?

கனமான கட்டடம் இறங்கும் அல்லது சாயும். புதைத்து வைத்த காலித் தொட்டி, மேன்ஹோல் மேலே கிளம்பும். ஆற்றங்கரை நிலம் தண்ணீரை நோக்கி நகர்ந்து, பாலத் தூண்களையும் குழாய்களையும் சேதப்படுத்தும்.

இந்தியாவில் நடந்திருக்கிறதா?

ஆம். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் பைல் அடித்தளம் போட்டுக் கட்டிய 22 மீட்டர் உயர அலுவலகக் கட்டடமே சாய்ந்தது.

எண்ணூருக்கு என்ன சம்பந்தம்?

காண்ட்லா அளவுக்குச் சென்னையில் நிலநடுக்க ஆபத்து இல்லை. ஆனால், ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2001 செப்டம்பரில் புதுச்சேரி அருகே கடலில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைச் சென்னையும் உணர்ந்தது. 2002-ல் சென்னை 2-ம் மண்டலத்திலிருந்து 3-ம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது.

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய், கடலோர மணல் என எண்ணூரில் மண்ணும் தண்ணீரும் சேர்ந்தே இருக்கின்றன. அதே இடத்தில்தான் துறைமுகம், அனல் மின் நிலையம், குழாய்கள், குடியிருப்புகள் எல்லாமே.

என்ன செய்யலாம்?

போர் போட்டு மண் பரிசோதனை செய்தாலே ஆபத்து தெரிந்துவிடும். தளர்ந்த மணலை அதிர்வு கொடுத்து இறுக்கலாம், ஜல்லித் தூண்கள் இறக்கலாம், பைல்களை உறுதியான அடுக்கு வரை கொண்டுபோகலாம்.

வீடு கட்டுபவர்கள் இன்ஜினியரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை அடியில் தண்ணீர்? மணலா, களிமண்ணா? குளமோ பள்ளமோ தூர்த்த இடமா? கம்பி விலை கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.