முகப்பரு: மூன்று நாள் மந்திரமும் மூன்று மாதப் பொறுமையும்

கெப்பாலா பத்தாஸ் பட்டணத்திலோ, பெர்த்தாம், பெனாகா, தாசேக் குளுகோர் வட்டாரத் தோட்டங்களிலோ, இளவயதினர் உள்ள வீட்டுக் கண்ணாடிக்கு வாயிருந்தால் எத்தனை சோகக் கதைகள் சொல்லும்! இருபத்திரண்டு வயது இளைஞன். பிறை தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. காலையில் எழுந்ததும் கண்ணாடிமுன் நிற்கிறான். நேற்று இல்லாத கட்டி ஒன்று இன்று தாடையில் சிவந்து வலிக்கிறது. போன மாதம் ஆறியது இந்த மாதம் அதே இடத்தில் மீண்டும் முளைத்திருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போனால் அத்தை கேட்கிறார்: "என்னப்பா, முகம் இப்படி ஆயிடுச்சு? ஒழுங்கா சோப்புப் போட்டுக் கழுவறதில்லையா?"

அடுத்த வீட்டில் இருபத்தைந்து வயதுப் பெண். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் தயங்குகிறாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இரவெல்லாம் அழுகிறாள். 'பதினாறு வயதில் வரவேண்டியது, எனக்கு மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது?' என்பது அவள் கேள்வி.

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் விடை உண்டு. சிகிச்சையும் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் அந்தச் சிகிச்சையைத் தேடிப் போவதற்குள், முகத்தையே பாழாக்கும் டப்பா ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. அதுதான் கவலை.

அழுக்கினால் வருவதா?

நம் தோலில் மயிர்க்கால்களை ஒட்டிச் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் சில ஹார்மோன்கள் அவற்றைத் தூண்டுகின்றன. எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. அதே சமயம் துவாரத்தின் வாயில் உதிர்ந்த தோல் அணுக்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. அடைபட்ட எண்ணெயில், தோலில் எப்போதும் குடியிருக்கும் ஒருவகைக் கிருமி பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. எண்ணெய், அடைப்பு, கிருமி, அழற்சி ஆகிய நான்கும் சேர்ந்ததே முகப்பரு.

இதில் அழுக்குக்கு இடமில்லை. மூக்கின்மேல் தெரியும் கரும்புள்ளிகூட அழுக்கன்று. அடைப்பில் உள்ள நிறமியும் எண்ணெயும் காற்றுப்பட்டுக் கறுத்ததுதான். நாளுக்குப் பத்துத் தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல் வறண்டு எரிச்சல் கூடுமே தவிர, பரு குறையாது. மென்மையான சோப்புநீரால் காலையும் மாலையும் இரண்டு வேளை கழுவினால் போதும்.

தாய் தகப்பனுக்குக் கடுமையான பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். இருபத்தைந்து, முப்பது வயதிலும் வருவதுண்டு. பெண்களிடம் இது கூடுதல். மாதவிலக்குத் தவறுவது, மோவாயில் முடி வளர்வது, இவற்றோடு தாடையோரம் பருக்களும் சேர்ந்தால் கருப்பையோரச் சினைமுட்டைப் பைகளில் கோளாறு இருக்கலாம். அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லவேண்டும்.

சாப்பாட்டில் குற்றம் உண்டா?

"எண்ணெய்ப் பலகாரம் தின்றாய், அதனால்தான்" என்று பாட்டி சொல்வார். ஆராய்ச்சி வேறு பக்கம் விரல் நீட்டுகிறது. பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கித்தாவா என்ற தீவில் கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் உண்டு வாழும் சுமார் 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 43 இளைஞர்களை வைத்துப் பன்னிரண்டு வாரம் ஆராய்ந்தபோது, சர்க்கரையும் வெள்ளை மாவும் குறைந்த உணவு உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது.

ஆகவே, நாளுக்கு நான்கு கோப்பை இனிப்புப் பால் ஊற்றிய தே தாரேக், இரவில் சர்க்கரைப் பானம் என்ற பழக்கம் இருந்தால் குறைத்துப் பாருங்கள். நல்லதே தவிர, கெடுதல் இல்லை. ஆனால் கடுமையான பரு பத்தியத்தினால் மட்டும் போய்விடும் என்று நம்பவேண்டாம்.

தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்கே பரு கூடும். இரவில் எண்ணெய் தேய்த்துத் தூங்குபவர்கள் தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹெல்மெட் வார் உராயும் மோவாயில் கட்டி வரும். வாரைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலை எரிக்கும். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கருந்தழும்பு விழும். எல்லாவற்றையும்விட, நகத்தால் கிள்ளிப் பிதுக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். நம் மாநிறத் தோலில் ஒவ்வொரு கிள்ளலும் பல மாதம் நிற்கும் ஒரு கருந்தடம். ஆழமான கட்டியாக இருந்தால் வாழ்நாள் பள்ளம்.

டப்பாவில் ஒளிந்திருக்கும் ஆபத்து

இப்போது அந்த டப்பாவுக்கு வருவோம். இரவுச் சந்தையிலும் கைத்தொலைபேசியிலும் விற்கப்படுகிறது. பெயர் தெரியாத கம்பெனி. "மூன்றே நாளில் பரு மறையும், ஏழு நாளில் முகம் வெளுக்கும்!" என்கிறார்கள். வாங்கிப் பூசினால், சில வேளை உண்மையாகவே மூன்று நாளில் பரு அடங்கிவிடுகிறது. அங்கேதான் வலை விரிக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய பசைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. அது அழற்சியைத் தற்காலிகமாக அமுக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். இரத்த நாளங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். நிறுத்தியவுடன் முன்னைவிடப் பத்து மடங்காகப் பரு பொங்கும். பயந்து மீண்டும் பூசுவார்கள். இந்தியாவில் இந்தத் தொல்லை முற்றிப்போய், ஸ்டீராய்டு பசைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் அரசாங்கம் விதியை இறுக்கியது.

வேறு சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளாவில் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பதினைந்து பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் பசை பூசியவர்கள்! அழகைத் தேடிப்போய்ச் சிறுநீரகத்தை இழக்கலாமா?

நம் நாட்டிலும் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்த முகப்பசைகளின் பட்டியலை அவ்வப்போது வெளியிட்டு அவற்றின் அனுமதியை ரத்துச் செய்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அழகுசாதனம் என்றால் என்-ஓ-டி என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்கவேண்டும். மருந்து என்றால் எம்-ஏ-எல் என்று தொடங்கும் எண்ணும் மினுமினுக்கும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கவேண்டும். அந்த எண்ணை அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எண்ணும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை என்றால் அதை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள்.

முறையான சிகிச்சை

முகப்பரு சிகிச்சைக்கென்றே நம் சுகாதார அமைச்சு டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. 2022-இல் அதைப் புதுப்பித்தது. இது வீண் ஆடம்பரம் அல்ல, நோய்தான் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இலேசான பருவுக்கு மருந்தகத்தில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடு பூச்சே பலன் தரும். 2.5 விழுக்காட்டில் தொடங்குங்கள். துணியில் பட்டால் சாயம் போகும். பழைய துண்டைப் பயன்படுத்துங்கள். இரவில் பூச அடாப்பலீன் என்ற மருந்தையும் டாக்டர் தரக்கூடும். அதைப் பூசுபவர்கள் பகலில் வெயிலுக்கான கிரீம் பூசவேண்டும், கர்ப்பிணிகள் பூசக்கூடாது.

பரு நடுத்தரமாக இருந்தால் சில மாதம் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். இதைக் கடையில் வாங்கி இஷ்டப்படி விழுங்கினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

கட்டி கட்டியாக வந்து தழும்பு விழும் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை உண்டு. 1979-இல் அமெரிக்காவில், வேறெந்த மருந்துக்கும் அடங்காத பரு உள்ள 14 பேருக்கு இதைக் கொடுத்தபோது 13 பேருக்கு முற்றிலும் குணமானது. 1982-இல் அங்கே அனுமதி கிடைத்தது. உதடு வெடிக்கும்; கல்லீரலையும் கொழுப்பையும் இரத்தப் பரிசோதனையில் கவனிக்கவேண்டும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் பெண்கள் கருத்தரிக்கவே கூடாது; குழந்தை ஊனமாகப் பிறக்கும். ஆகவே நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே இதைச் சாப்பிடவேண்டும்.

எங்கே போவது? முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி. பரு கடுமையாக இருந்தால் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனையில் தோல்நோய்ப் பிரிவு இருக்கிறது. கட்டிகள் வலித்தாலும், பள்ளம் விழத் தொடங்கினாலும், காத்திருக்காமல் போய்விடுங்கள்.

எந்தச் சிகிச்சையும் பலன் காட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நன்றாகத் தெரிய மூன்று மாதம் வேண்டும். முதல் சில வாரம் கூடுவதுபோலவும் தோன்றலாம். இரண்டு வாரத்தில் மருந்தைத் தூக்கியெறிந்துவிட்டு அடுத்த டப்பாவைத் தேடுவதால்தான் பலருக்குப் பரு ஆறுவதே இல்லை. பதறாத காரியம் சிதறாது. மாதம் ஒரு தடவை, ஒரே வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி சொல்லாத முன்னேற்றத்தை அது சொல்லும். குணமான பிறகும் பூச்சு மருந்தைத் தொடரச் சொன்னால் தொடருங்கள். மீண்டும் வருவதுதானே இந்த நோயின் குணம்?

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழியைப் பரு வந்த பிள்ளையிடம் சொல்லாதீர்கள். முகத்தில் தெரிவது ஹார்மோனின் வேலை. அகத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியாத வேதனை. கடுமையான பருவினால் மனச்சோர்வில் விழும் இளைஞர்கள் உண்டு. கூட்டாளிகளைத் தவிர்க்கிறான், அறைக்குள்ளேயே கிடக்கிறான், 'வாழ்ந்து என்ன பயன்' என்கிறான் என்றால், அதை விளையாட்டாக எண்ணாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்த தடவை திருமண வீட்டில் அந்தத் தம்பியைப் பார்க்கும்போது முகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். வேலை எப்படி, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவன் தானாக வாய் திறந்து சொன்னால், "கிளினிக்குக்குப் போவோம், நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.