இறக்கினால் ஆறும் குதிகால்

மாடிப்படி ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி, உடல் பொத்தென்று விழாமல் பிரேக் பிடிக்கிறது. நாம் கண்டுகொள்ளாத இந்த வேலைதான் காயம்பட்ட காலுக்குச் சிகிச்சையாகவும் ஆனது.

கெண்டைக்காலைக் குதிகால் எலும்போடு இணைப்பது அக்கிலிஸ் தசைநாண். ஓட்டக்காரர்களுக்கு அங்கே வரும் வலி லேசில் போகாது. ஓய்வெடுத்தால் அடங்கும், ஓடினால் திரும்பும். சுவீடனின் உமேயோ நகரைச் சேர்ந்த மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் இதற்கு ஓய்வை அல்ல, சுமையையே பரிந்துரைத்தார்.

படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நிற்க வேண்டும். நல்ல காலால் எழும்பி, எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 45 முறை, மடக்கி 45 முறை. காலை, மாலை சேர்த்து 180. லேசான வலி இருந்தாலும் நிறுத்தக் கூடாது. வலி விட்டதும் முதுகுப்பையில் எடை சேர்க்க வேண்டும்.

1998இல் வெளியான அவரது ஆய்வில் 15 பேரும் 12 வாரத்தில் பழையபடி ஓடினார்கள். சிறிய குழுதான். ஆனாலும் அந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. கனமான எடையை மெதுவாக ஏற்றி இறக்கினாலும் அதே பலன் கிடைப்பதை 2015இல் டென்மார்க் ஆய்வு காட்டியது.

குதிகாலில் திடீரென ‘டப்’பென்று சத்தம் கேட்டு, முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியாமல் போனால், தசைநாண் அறுந்திருக்கலாம். அப்போது பயிற்சி கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.