கடவுச்சொல்லும் கையளித்த அதிகாரமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அமைந்த வெல்லாவெளி வேளாண்மையை நம்பி வாழும் ஊர். இப்பிரதேசத்தில் உழவர் சார்பில் வயலுக்கு நீர் பங்கிடும் பொறுப்பு வட்டவிதானையைச் சாரும். கூட்டத்தில் தீர்மானமானபின், வாய்க்காலைத் திறக்க ஒவ்வொரு முறையும் அவர் அனுமதி கேட்பதில்லை. ஆயினும் அவ்வனுமதி குளக்கட்டை வெட்டும் உரிமையன்று. அதிகாரத்தைக் கையளிப்பதும் முழுமையாக ஒப்படைப்பதும் வேறு என்னும் இவ்வுண்மை கணனிக்கும் பொருந்தும்.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்சு முறைமையில், ஒவ்வொரு செயலும் ஒரு பயனரின் பெயரிலேயே நிகழும். வெல்லாவெளியில் ஓர் அலுவலகக் கணனி இரவுதோறும் தரவுகளைப் பிரதி எடுப்பதாகக் கொள்வோம். அக்கட்டளைக் கோவை தரவுத்தளப் பயனரின் பெயரில் இயங்கவேண்டும். கடவுச்சொல்லைத் தட்டுவதற்கோ ஆளில்லை. கடவுச்சொல்லைக் கோவையிலேயே எழுதிவிடுவது பலர் காணும் குறுக்குவழி. அதனைப் படிப்பவர் எவரும் அப்பயனரின் முழு அதிகாரத்தையும் பெறுவர். செய்தவர் யாரெனப் பின்னர் அறியவும் இயலாது.

இச்சிக்கலுக்கு முதல் விடை கண்டவர் டெனிசு ரிட்சி. கோப்பின் உரிமையாளரது அதிகாரத்துடன் செய்நிரலை இயக்கும் 'செட்யுஐடி' குறிக்கு அவர் 1973இல் காப்புரிமை கோரி, 1979இல் பெற்றார். எனினும் கட்டளைக் கோவைகளில் இக்குறியை லினக்சு ஏற்பதில்லை. கோவை திறக்கப்படுவதற்கும் வாசிக்கப்படுவதற்கும் இடையில் வேறொன்றை அவ்விடத்தில் வைத்துவிட முடியும் என்பதே காரணம்.

ஏறத்தாழ 1980இல் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பொப் கொக்செல், கிளிஃப் இசுபென்சர் ஆகியோர் 'சூடோ'வை ஆக்கினர். இது வழமையாகக் கேட்பது அழைப்பவரின் சொந்தக் கடவுச்சொல்லையே. யார், எந்தக் கணனியில், எவராக, எக்கட்டளையை இயக்கலாம் என 'சூடோயர்சு' கோப்பில் ஒரு வரி எழுதப்படும். அவ்வரியில் 'நோபாசுவேட்' எனச் சேர்த்தால் அக்கேள்வியும் நீங்கும். அழைத்தவரின் பெயர் பதிவேட்டில் நிற்கும். வரியை நீக்கினால் அனுமதியும் நீங்கும். எவரது கடவுச்சொல்லையும் மாற்றவேண்டியதில்லை.

இவ்வரியை எழுதுவோர் மனங்கொள்ள வேண்டியவை சில உள. கோவையின் முழுப் பாதையையும் குறிப்பிடுதல் வேண்டும். பாதையை மட்டும் எழுதினால் அழைப்பவர் எவ்வுள்ளீட்டையும் சேர்க்கலாம். வெற்று இரட்டை மேற்கோட்குறி அதனைத் தடுக்கும். அழைப்பவர் அக்கோவையையோ அது உள்ள அடைவையோ மாற்றக்கூடியவராயின், விதி வெறும் எழுத்தாகிவிடும். உரைதிருத்திகளை அனுமதித்தலும் தீது. அவற்றுளிருந்தே பிற கட்டளைகளை இயக்கலாம். கோப்பை 'விசூடோ' வழியாகத் திருத்தினால் இலக்கணப் பிழை முன்னரே புலப்படும். கோவையை அழைக்கும்போது '-என்' தெரிவைச் சேர்த்தால், அனுமதியில்லாதவிடத்துக் கணனி கடவுச்சொல்லுக்காகக் காத்திராது பிழைகூறி நிற்கும்.

கடவுச்சொல்லைத் தவிர்த்தல் பாதுகாப்பைத் தளர்த்துதல் அன்று. எல்லை வகுக்கப்பட்ட அனுமதி, எல்லையற்ற இரகசியத்திலும் மேலானது. ஒருவர்க்கு எவ்வளவு அதிகாரம் வேண்டுமோ அவ்வளவே அளித்து, அதன் பயன்பாட்டைப் பதிவில் வைப்பதே நாம் இங்கு வலியுறுத்தும் நெறி.