வீட்டில் கட்டிய விமானமும் கையில் கிடைத்த கருவியும்



தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. வெண்பலகையில் எழுதிக்கொண்டிருப்போம், பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தின் விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும். பிள்ளைகளின் கண்கள் சன்னல் பக்கம் திரும்பிவிடும். "சார், அதையெல்லாம் யாரு செக் பண்ணுவாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அதுவே நல்ல அறிவியல் பாடத்தின் தொடக்கம்.

விமானப்படையில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்களும் முறையான கருவிகளும் உண்டு. ஆனால் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்களே! கேரளத்தைச் சேர்ந்த சஜி தாமஸ், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர், தானே ஓர் இலகுரக விமானத்தைக் கட்டினார். 2014-இல் தமிழ்நாட்டின் மணிமுத்தாறில் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் அதைப் பறக்கவைத்தார். கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் பொறியியலாளர் அசோக் தாமராட்சன், கோவிட் ஊரடங்குக் காலத்தில் உதிரிபாகத் தொகுப்பு வாங்கி நான்கு பேர் அமரும் விமானத்தைக் கட்டி முடித்தார்.

கட்டுவது ஒரு முறை. சோதிப்பதோ ஆயுள் முழுக்க. விலையுயர்ந்த கருவி எல்லாருக்கும் கிடைக்காது. அப்போது கையில் கிடைத்ததை வைத்துச் சோதிக்கலாமா? சோதிக்கலாம். ஆனால் அந்தக் கருவி சொல்வதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சைக்கிள் கடைக்காரர்கள் காட்டிய வழி

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ரைட் சகோதரர்கள். அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1901-இல் இறக்கை வடிவங்களைச் சோதிக்க ஒரு மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் அமைத்தார்கள். அதற்குள் வைத்த தராசைப் பழைய இரும்பறுக்கும் வாள் தகட்டையும் சைக்கிள் கம்பியையும் கொண்டு செய்தார்கள். அந்தத் தராசு ஒவ்வோர் இறக்கை வடிவத்தையும் அதே காற்றில் நின்ற தட்டைத் தகடுகளோடு ஒப்பிட்டது. ஆகவே காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முடிவு அதிகம் பாதிக்கப்படவில்லை. கருவி எளிமையானது, ஒப்பீடு முறையானது.

1903 நவம்பரில் கிட்டி ஹாக் மணல்வெளியில் இன்னொரு பாடம். உந்துவிசிறித் தண்டில் இருந்த பல்சக்கரம் அடிக்கடி தளர்ந்தது. சைக்கிள் டயர் ஒட்டும் பசையை வைத்து அதை இறுக்கினார்கள். அந்த வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. நவம்பர் 28-இல் தண்டிலேயே ஒரு விரிசலைக் கண்டார்கள். குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அதை ஒட்டிப் பார்க்கவில்லை. ஆர்வில் ரைட் டேட்டனுக்கே திரும்பிப் போய்ப் புதிய எஃகுத் தண்டுகளைச் செய்துகொண்டு டிசம்பர் 11-இல் வந்தார். டிசம்பர் 17-இல் விமானம் முதன்முதலாக 12 விநாடி பறந்தது.

எங்கே சமாளிக்கலாம், எங்கே சமாளிக்கக்கூடாது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

நான்கு எளிய கருவிகள்

1. கைவிளக்கும் சிறு கண்ணாடியும். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியால் மறைவான மூலைகளைப் பார்க்கலாம். விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மெல்லிய விரிசலும் நிழல் காட்டும். துடைப்பதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். துடைத்த பின் மறு தடவை பாருங்கள். ரிவெட்டைச் சுற்றிய கறுப்புக் கறையும் துருக்கோடும் அது அசைந்ததற்கான தடயங்கள். முதலிலேயே துடைத்துவிட்டால் தடயம் போய்விடும்.

2. பருத்தித் துணி. வால்பகுதியை இயக்கும் கம்பிவடத்தைத் துணியால் பிடித்து நெடுக இழுத்தால், அறுந்த இழை துணியில் மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் இழுக்கக்கூடாது, கிழித்துவிடும்.

3. நாணயம். நாரிழைப் பலகையை 20 சென் நாணயத்தால் மெல்லத் தட்டினால், நன்றாக ஒட்டிய இடம் 'டிங்' என்று கணீரென ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும்.

4. வண்ணக்கோடு. இறுக்கிய நட்டின் மீதும் அதன் அடிப்பகுதி மீதும் சேர்த்து ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று பொருள்.

நம்பிக்கைக்கு ஓர் எல்லை

இந்த நான்குக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. "பழுது இருக்கு" என்று அவை சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். "பழுது இல்லை" என்று சொன்னால் அப்படியே நம்பக்கூடாது. கப்பி மேல் வளையும் இடத்தில் வடத்தின் உள்ளே அறுந்த இழை துணியில் மாட்டாமல் போகலாம். தடித்த பலகையின் ஆழத்தில் உள்ள பிரிவு நாணயத்துக்குக் கேட்காது. கோடு விலகாத நட்டு, முதலிலேயே சரியாக இறுக்கப்படாததாகவும் இருக்கலாம். ஆகவே பழுது தெரியாவிட்டால், வேறொரு முறையில், முடிந்தால் வேறொருவரின் கண்ணாலும் சோதிக்க வேண்டும். கட்டியவருக்குத் தன் வேலையின் மேல் பாசம் இருக்கும். பாசம் கண்ணை மறைக்கும்.

அளக்கும் கருவி என்றால் கவனம் இன்னும் அதிகம் தேவை. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாதவர், சாதாரண ஸ்பேனரில் சுருள்வில் தராசை மாட்டி இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நட்டின் மையத்திலிருந்து தூரம் 0.25 மீட்டர். தராசு காட்டுவது 4 கிலோகிராம்.

விசை = 4 × 9.81 = 39.2 நியூட்டன்
திருப்புத்திறன் = 39.2 × 0.25 = 9.8 நியூட்டன் மீட்டர்

கணக்கு சரிதான். ஆனால் செங்குத்தாக இழுக்காமல் 60 பாகையில் இழுத்தால் உண்மையில் கிடைப்பது 8.5 மட்டுமே. தராசே 10 விழுக்காடு குறைத்துக் காட்டினால், செங்குத்தாக இழுத்தாலும் உண்மையில் 10.9 ஆகிவிடும். தராசு "நான் தப்பு" என்று சொல்லாது! எனவே முதலில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீரின் நிறை ஏறக்குறைய 1 கிலோகிராம் (பாட்டிலின் எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்). பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையும் உதவும். இதுதான் அளவுதிருத்தம். வகுப்பில் கற்க இது போதும். கையேடு குறிப்பிட்ட அளவில் இறுக்கச் சொல்லும் விமான நட்டுக்கு, முறையாகச் சரிபார்த்த கருவிதான் வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

10 அட்டைத் துண்டுகளின் மேல் இன்னோர் அட்டையை ஒட்டுங்கள். அவற்றில் 4-இல் மட்டும் நடுவில் பசை தடவாமல் விடுங்கள். எவை என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியட்டும். மாணவர்கள் நாணயத்தால் தட்டி 'நல்லது', 'பழுது' என்று அட்டவணையில் குறிக்கட்டும். பிறகு விடையைச் சொல்லுங்கள். உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், தகவல்களை விளக்குதல் ஆகிய செயற்பாங்குத் திறன்கள் அத்தனையும் இதில் வந்துவிடும்.

கடைசியில் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி ஒன்று: நல்லதைப் பழுது என்று சொல்வதும் பழுதை நல்லது என்று சொல்வதும் தவறுதான். விமானத்தில் எது ஆபத்து? ஏன்?

மாணவர்களே, விடையில் "இரண்டாவது ஆபத்து" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். முதல் தவறில் வீணாவது நேரமும் பணமும். இரண்டாவதில் போவது உயிர் என்று காரணத்தையும் எழுதுங்கள். அடுத்த தடவை விமானம் தலைக்கு மேல் இரையும்போது, அதைச் சோதித்தவர் "தெரியலை, இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.